இடது கை முதலில் வந்தது

கிளாட்வினின் இடது கை அவனுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்த வருஷம் எங்கள் சிப்பித்துறையில் நண்டு மலிவாக இருந்தது, முருங்கை கொத்துக் கொத்தாய்க் காய்த்துக் கிடந்தது, கோவில் மணிக்குப் புதுக் கயிறு போட்டிருந்தார்கள். ஆனாலும் அதை யாரும் நண்டு வருஷம் என்றோ கயிறு வருஷம் என்றோ சொல்வதில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டாலும், கூரையைப் பிரித்து ஓடு போட்டது எப்போது என்று கேட்டாலும், கை வந்த வருஷம், அதற்கு முந்தின வருஷம், பிந்தின வருஷம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். முழிக்கட்டும்.

கை வந்தது எமரென்சியாவின் வீட்டுக்கு. கோவில் முக்கில் காலையில் இடியாப்பம் விற்கிறாளே, அவள்தான். புருஷனைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு அந்த இடியாப்ப உரலைப் பிழிந்து பிழிந்தே ஒற்றை மகனை ஆளாக்கினாள். மகன் கிளாட்வின் கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன், அதிகம் பேசாதவன், கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிற வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்றைக்குக் கிட்டாரைத் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, "யம்மா, ஈரத்துணி வச்சுத் துடைச்சிராதிய, கம்பி துருப் புடிச்சிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவன். தவக்காலம் தொடங்கின சமயம் அவனுடைய கப்பல் ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது, கப்பலுக்குச் சொந்தக்காரன் எல்லாரையும் கடலில் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான், கரையில் இறங்கவும் உத்தரவில்லை, அதற்குப் பிறகு பெரிய வெள்ளி வந்து போயிற்று, உயிர்ப்பு ஞாயிறும் வந்து போயிற்று, அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. எமரென்சியா வழக்கம்போல இடியாப்பம் விற்றாள், வழக்கம்போலச் சிரித்தாள், ஆனால் தேங்காய்ப்பூவில் சர்க்கரை போட மறந்தாள். நாங்கள் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் நாங்களே போட்டுக்கொண்டோம்.

ஒருநாள் விளக்கு வைத்து ஜெபமாலை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, சுவரில் தொங்கின கிட்டாரின் கம்பிகள் கழுத்துக்கட்டையில் மூன்று இடத்தில் உள்ளே அமுங்கி இருப்பதை எமரென்சியா பார்த்தாள். ஒரு விரல் அழுத்தினால் எப்படி அமுங்குமோ அப்படி, ஆனால் விரல் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவை மேலே எழும்பி வேறு மூன்று இடத்தில் அமுங்கின. பல்லியோ என்று நினைத்தவள் பக்கத்து வீட்டுச் சந்தியாகுவைக் கூப்பிட்டாள். அவர் ஆயுசெல்லாம் விசைப்படகு எஞ்சின் பழுது பார்த்தவர், எதையும் காது வைத்துக் கேட்டுத்தான் முடிவு சொல்வார். கிட்டாரிலும் காதை வைத்துக் கேட்டார்.

"பல்லியா அண்ணே?"

"பல்லிக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது எமரென்சி. யாரோ புடிச்சுப் புடிச்சு விடுதாவ."

பாடகர் குழுவை நடத்துகிற பிரின்சிட்டாவுக்கு ஆள் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கிற சின்னப் பெண், வாயில் எப்போதும் ஒரு சோம்பு கிடக்கும். வந்தாள், நின்றாள், அமுங்குகிற கம்பிகளைப் பார்த்துக்கொண்டே மெல்ல முனகினாள், முனகல் பாட்டாயிற்று. "மாமி, இது பூசையில பாடுத காணிக்கைப் பாட்டுல்லா! மூணு பிடிதான் அந்தப் பாட்டுக்கு. இந்தா, இது முதல் பிடி, இது ரெண்டாவது, இந்தா மூணாவது. பாருங்க, மூணாவதுக்கு வரும்போது சுண்டுவிரலைக் கொஞ்சம் கோணலா வைக்காவ. ஊருல அப்படி வைக்கது ஒரே ஆளுதான்."

எமரென்சியா அழவில்லை, மயங்கி விழவில்லை. கிட்டாரின் அருகே போய், மூன்று பிடியும் மாறி மாறி வரும்வரை நின்று, பிறந்த குழந்தைக்குப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பள்ளமாகத் தொட்டுப் பார்த்தாள். "நாலு விரலும் இருக்கு" என்றாள். பிறகு அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள்.

மறுநாள் காலை இடியாப்பத்தில் சர்க்கரை இருந்தது. கிளாட்வின் உயிரோடு இருக்கிறான் என்று ஊர் அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டது.

அதற்குப் பிறகு எமரென்சியாவின் வீட்டில் சாயங்காலம் ஆட்கள் கூடினார்கள். வந்தவர்கள் பாய் கொண்டுவந்தார்கள், சிலர் அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்தார்கள், ஜெபமாலையில் சேர்ந்துகொண்டார்கள், பிறகு கம்பி அமுங்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் சோர்வாத் தெரியுதே", "சாப்பிட்டிருக்க மாட்டான்", "இல்லை, இல்லை, நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்று ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்போலப் பேசிக்கொண்டு எழுந்து போனார்கள். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து முழங்காலில் கைவைத்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஆயருக்கு எழுத வேண்டாமா சாமி என்று கேட்டோம். "எழுதினா விசாரிக்க ஒரு குழு வரும். குழு வந்தா யாரும் கிட்டாரைத் தொடக்கூடாதும்பாவ. பிள்ளை வீடு வந்து சேரட்டும், பிறகு எழுதிக்கிடலாம்" என்றார். நல்ல மனுஷர். போகும்போது கம்பிகளுக்குச் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார், விரல் படாமல் காற்றில் வரைந்தார்.

ஆனால் பிடிகள் மட்டும் இருந்தன, சத்தம் இல்லை. இடது கை பிடிக்கும், வலது கை தட்டவேண்டும், அப்போதுதானே பாட்டு? வலது கை அவனோடு கப்பலில் அல்லவா இருக்கிறது. ஒருநாள் எமரென்சியா பொறுக்க மாட்டாமல் பெருவிரலால் கம்பிகளை மேலிருந்து கீழாக ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் வந்தது. அமுங்கியிருந்த பிடி அப்படியே நின்றது, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற ஆட்டுக்குட்டிபோல நின்றது. பிறகு மெல்ல அடுத்த பிடிக்கு மாறிக் காத்திருந்தது.

"கேக்கு அவனுக்கு" என்றார் சந்தியாகு.

அன்றிலிருந்துதான் கவலையும் தொடங்கிற்று. ஏனென்றால் எமரென்சியாவின் தட்டு சரியான நேரத்தில் விழுந்த அன்றைக்கெல்லாம் மறுநாள் பிடி உறுதியாக வந்தது, கம்பி கட்டையோடு ஒட்டிக்கொண்டது. தட்டு பிந்தின அன்றைக்கெல்லாம் மறுநாள் பிடி தளர்ந்து, கம்பி பாதிதான் அமுங்கிற்று. அங்கே அவனுக்குத் தெம்பு கொடுப்பதும் எடுப்பதும் இந்தத் தட்டுதான் என்று எல்லாருக்கும் விளங்கிப்போயிற்று. எமரென்சியாவுக்கோ கை மகா கனம். பிரின்சிட்டா தலையில் கைவைத்தாள். "மாமி, இது இடியாப்ப உரல் இல்ல மாமி. மெதுவா." மெதுவாகத் தட்டினால் பிந்திப்போகும், நேரத்தைப் பிடித்தால் கம்பி அறுந்துவிடும்போல அதிரும்.

இப்படி இருக்கும்போது எங்களுக்கு அன்பு அதிகமாகிவிட்டது. அன்பு அதிகமானால் என்ன செய்வோம் என்று எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் பங்கில் தெருவுக்கு ஒரு அன்பியம் உண்டு, அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற கூட்டம் அது. மே மாதம் மாதா சுரூபத்தை அன்பியம் அன்பியமாக, வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாயங்காலம் வைத்துச் செபிப்போம். மே மாதமும் பிறந்திருந்தது. எமரென்சியா ஒருத்தியே எத்தனை நாள் தட்டுவாள், பாவம், பிள்ளை ஊருக்கே பிள்ளைதானே, மாதா போகிற வழியில் கிட்டாரும் போகட்டும், வீட்டுக்கு ஒருத்தர் தட்டட்டும் என்று கூடிப் பேசி முடிவெடுத்தோம். எமரென்சியாவிடம் கேட்டோம். மாதாவோடு அனுப்புங்கள் என்று கேட்டால் எந்தத் தாய் முடியாது என்பாள்? ஆணியிலிருந்து இறக்கித் தந்துவிட்டு அந்த வெற்று ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவு ஆசையாகக் கொண்டுபோனோம்! முன்னால் மாதா, பின்னால் வெள்ளைத் துணி விரித்த பலகையில் கிட்டார், இரண்டு பக்கமும் மெழுகுதிரி, கழுத்துக்கட்டைக்கு மல்லிகை மாலை. அந்த மாலை அவன் விரல் வைக்கிற இடத்தில்தான் கிடந்தது என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஒரு வீட்டில் கல்யாணக் கச்சேரியில் டிரம் அடிக்கிறவர் தட்டினார், அவர் தட்டுக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது. ஒரு வீட்டில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் தூங்கித் தூங்கித் தட்டினார். ஒரு வீட்டில் பிடி அமுங்குவதைக் கண்ணாடி போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே தட்டினார்கள். இன்னொரு வீட்டில் அவனுக்குக் குளிருமே என்று கம்பிகளுக்குத் தைலம் தடவினார்கள். எல்லாரும் கண்ணீரோடுதான் செய்தோம். பிடி நாளுக்கு நாள் குழம்பிற்று. முதல் பிடி வரவேண்டிய இடத்தில் மூன்றாவது வந்தது, வந்தது பாதியில் நின்றது. ஒரு சாயங்காலம் மோதிர விரல் அமுங்கவேண்டிய இடம் அமுங்காமலே கிடந்தது, மறுநாளும் கிடந்தது. அதற்கு மறுநாள் ஒரு விரலும் வரவில்லை. மாதாவுக்கு முன்னால் கிட்டார் சும்மா கிடந்தது, மாலைக்குள் எறும்பு ஊர்ந்தது.

செய்தி எட்டி எமரென்சியா நடந்து வந்தாள். அரிசிமாவு ஒட்டின கையோடு வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாலையை எடுத்து மாதாவின் காலடியில் வைத்தாள், கிட்டாரை முந்தானையால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வழியில் நின்றவர்கள் சுவரோடு ஒதுங்கிக்கொண்டோம். மறுநாள் இடியாப்பத்தில் சர்க்கரை இல்லை. குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

"ஆளுக்கொரு பக்கம் திருகினா எந்த எஞ்சின்தான் ஓடும்?" என்று சந்தியாகு முக்கில் நின்று பொதுவாகச் சொன்னார். அவரும்தான் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு போனவர்.

பிரின்சிட்டா மட்டும் போய் எமரென்சியாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கிட்டார் எமரென்சியாவின் மடியில் கிடந்தது, மீன்காரி மடியில் பெரிய சீலா மீன் கிடப்பதுபோல.

"தட்டுங்க மாமி."

"எதுக்கு மக்கா? பிடியே இல்லையே."

"இடது கை வரலைன்னா வலது கையும் நிக்கணுமா? சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதல்ல சொல்லிக் குடுக்கதே அதுதான். பிடி மாத்த நேரமாவும், விரல் தடுமாறும், ஆனா தட்டுத கை நிக்கவே கூடாது. ஊஞ்சல் மாதிரி போயிக்கிட்டே இருக்கணும். அது நின்னுட்டா இடது கை வந்து எங்க ஏறும்? ஓடுத ஊஞ்சல்லதான் ஏறும். வேகம் வேண்டாம். ஒத்தப் பிடி, ஒத்தத் தட்டு. அவ்வளவு மெதுவா, தூங்கிராம இருக்கதே கஷ்டம்னு ஆகணும்."

"எப்ப வரும்னு பாத்துப் பாத்துத்தான பிந்திருதேன்?"

"பாக்காதிய. பாத்துட்டுத் தட்டினாப் பிந்தத்தான் செய்யும். கண்ணு பாத்துக் கைக்குச் சொல்லுததுக்குள்ள பாட்டு போயிருமே."

எமரென்சியா யோசித்தாள். அவளுக்குக் கிட்டார் தெரியாது, ஜெபமாலை தெரியும். ஜெபமாலையில் ஒரு பக்கத்தார் மங்கள வார்த்தை ஜெபத்தின் முன்பாதியைச் சொல்வார்கள், மறுபக்கத்தார் பின்பாதியைச் சொல்வார்கள். யாரும் யார் வாயையும் பார்ப்பதில்லை, முன்பாதியின் கடைசிச் சொல் முடியும் முன்னே பின்பாதி அதன்மேல் ஏறிவிடும், பின்பாதி முடியும் முன்னே அடுத்த மணி நகர்ந்துவிடும், கடல் அலைமேல் அலை ஏறுகிற மாதிரி. பிறந்ததிலிருந்து சொல்லியும் ஒருநாளும் அவள் பிந்தினதில்லை. "அப்போ அவன் முன்பாதி, நான் பின்பாதி" என்றாள்.

"அது எப்படியோ எனக்குத் தெரியாது மாமி. ஆனா சரின்னு தோணுது" என்றாள் பிரின்சிட்டா. சோம்பை மாற்றிக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைத்து, முழங்காலில் நின்று, கண்ணை மூடி, வெறும் கம்பியில் எமரென்சியா தட்டினாள். வாய்க்குள் முன்பாதியைச் சொல்லி மகனுக்கு இடம் விட்டாள், பின்பாதிக்குத் தட்டினாள். பிடி இல்லாத கம்பி என்ன பேசும்? ஒரே சத்தம்தான், மொட்டைச் சத்தம். மறுநாளும் தட்டினாள். தெருவில் போகிறவர்கள் அந்த மொட்டைச் சத்தத்தைக் கேட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். நாங்கள் இப்போது உள்ளே போவதில்லை. அவரவர் வீட்டிலேயே ஜெபமாலை சொன்னோம், அவள் தட்டுகிற வேகத்தில் சொன்னோம், அந்த வேகத்தில் ஜெபமாலை சொன்னால் சோறு ஆறிப்போகும், ஆறின சோற்றையே சாப்பிட்டோம். சோம்பேறிகள் என்று பேர் வாங்கின எங்கள் தெரு அந்த நாட்களில்தான் பொறுமையானவர்கள் என்று பேர் வாங்கிற்று.

அலைகடல் ஓய்ந்து கிடந்த ஒரு சாயங்காலம், மொட்டைச் சத்தத்துக்கு நடுவே ஒரு தட்டு மட்டும் வேறு மாதிரிக் கேட்டது. ஒரே ஒரு கம்பி அமுங்கியிருந்தது. ஆள்காட்டி விரல். எமரென்சியா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் பிந்திவிடும் என்று பயந்தாள். மறுநாள் நடுவிரலும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் கோணலான அந்தச் சுண்டுவிரல் வந்தது. மோதிர விரல் வரவே இல்லை, அதன் வேலையைச் சுண்டுவிரல் நீண்டு போய்ச் செய்தது, அதனால் பிடி மாற இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று, எமரென்சியா அந்தக் கொஞ்ச நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். அப்படித்தான் காணிக்கைப் பாட்டு முதல்முறையாக முழுசாகக் கேட்டது, மகனின் இடது கையும் தாயின் வலது கையும் சேர்ந்து, ஒன்று கண்காணாத கடலிலும் ஒன்று சிப்பித்துறையிலுமாக, ஒரு சொல்லும் பிந்தாமல். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டோம்.

கப்பலில் இருந்தவர்களைக் கரையில் இறக்கிவிட்டார்கள் என்ற தகவல் ஆகஸ்டில், மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. மாலுமிகளுக்கு உதவுகிற ஏதோ ஒரு வீட்டிலிருந்து கிளாட்வின் போன் பண்ணினான். எமரென்சியாவின் கையிலிருந்த மாவு போனெல்லாம் ஒட்டிற்று.

"யம்மா, நீங்க நல்லா இருக்கியளா?"

"நான் இருக்கேன். உனக்கு மோதிர விரல் எப்படி இருக்கு?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான்."

அவன் வந்து இறங்கின அன்றைக்குப் பேருந்து நிறுத்தத்தில் மேளதாளம் வைக்கலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. சந்தியாகு ஒரு பார்வை பார்த்தார், பேச்சு அடங்கிற்று. அவன் நடந்தே வந்தான், பாதியாய் இளைத்திருந்தான், மோதிர விரல் மடங்காமல் குச்சிபோல நீட்டிக்கொண்டிருந்தது, இரும்புக் கதவில் நசுங்கினதாம். சட்டைக் கையை மடித்துக் காட்டினான். வலது முன்னங்கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, வரிசை வரிசையாகக் காய்ப்புக் காய்த்து, விரல் நுனி அளவுக்குக் கறுத்த பள்ளங்கள்.

"கப்பல்ல கிட்டார் ஏது? கை மறந்துரக் கூடாதுன்னு இந்தக் கையையே கழுத்துக்கட்டையா வச்சு அழுத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒருநாள் மேல யாரோ தட்டுன மாதிரி கை அதிர்ந்துது பாருங்க! எலும்புக்குள்ள அதிருது. தட்டுன தட்டுலயே தெரிஞ்சுபோச்சு, வேற யாரு இப்படி இடியாப்பம் பிழியுத மாதிரித் தட்டுவா?" எல்லாரும் சிரித்தோம், எமரென்சியாவும் சிரித்தாள். "எங்கூட இருந்த ஒடிசாக்காரன், பர்மாக்காரன், எல்லாரும் சாயங்காலம் ஆனா வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாவ, அவங்கவங்க அம்மா தட்டுதான்னு நினைச்சுக்குவாவ. அப்புறம் என்ன ஆச்சோ, ஒருநாள் கல்யாண டிரம் மாதிரி அடி, ஒருநாள் கோழி கிண்டுன மாதிரி, ஒருநாள் கையெல்லாம் தைலம் பட்டு எரியுது. சரி, அம்மாவுக்கு என்னமோ ஆயிட்டு, வேற யாராரோ தட்டுதாவன்னு நினைச்சேன். விரலும் நசுங்கிப்போச்சு. இனி யாருக்காகப் புடிக்கன்னு விட்டுட்டேன்."

நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். தைலம் தடவின வீட்டுக்காரி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்புறம் திரும்பத் தட்டுச்சு" என்றான். "ரொம்ப மெதுவா. நான் ஒண்ணும் புடிக்கலை, ஆனா அது பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. நிக்கவே இல்லை. எத்தனை நாளு சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்க முடியும்? ஒத்த விரலை வச்சேன்."

கதை இத்தோடு முடிந்திருக்கலாம், ஆனால் ஆணியிலிருந்து கிட்டாரை எடுத்து மடியில் வைத்தபோது இன்னொரு சங்கதி தெரிந்தது. அவனுடைய இடது கை பழையபடி பிடித்தது, வலது கை அசையவில்லை. அது அத்தனை மாதம் கட்டையாகக் கிடந்தே பழகிவிட்டது. இடது கை பிடித்த உடனே அது அடங்கி, மரம்போல நீட்டிக்கொண்டு, அழுத்தட்டும் என்று காத்துக்கிடந்தது. சோறு பிசைந்தது, சட்டைப் பித்தானைப் போட்டது, கிட்டாரைக் கண்டால் மட்டும் கட்டையாயிற்று. ஊர் அதற்கும் ஆச்சரியப்படவில்லை. தைலம் தடவலாமா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

"அவசரமில்ல" என்றாள் பிரின்சிட்டா. "ஒருத்தர் தட்டட்டும், ஒருத்தர் புடிக்கட்டும். இவ்வளவு நாளும் அப்படித்தான?"

அதனால் அடைக்கல மாதா திருவிழாப் பூசையில், பாடகர் குழுவின் பெஞ்சில் தாயும் மகனும் ஒட்டி உட்கார்ந்தார்கள். கிட்டார் அவன் மடியில், அவனுக்கு வலது பக்கம் எமரென்சியா, புதுச் சேலை, அவள் கை குறுக்கே நீண்டு கம்பிமேல். அவன் வலது கை கிட்டாரின் விளிம்பில் சும்மா கிடந்தது. கோவில் நிறைந்து வாசல் வரைக்கும் ஆட்கள். காணிக்கைப் பாட்டு தொடங்கிற்று. அவன் பிடித்தான், அவள் தட்டினாள், இடியாப்பம் பிழிகிற கை இவ்வளவு மெத்தென்று தட்டும் என்று நாங்கள் நினைத்ததில்லை, அவன் முன்பாதியும் அவள் பின்பாதியுமாகப் பாட்டு அலைமேல் அலையாக ஏறிப் போயிற்று, முதல் சரணம் முடிந்து இரண்டாம் சரணம் பிறந்தது.

அப்போது காணிக்கைத் தட்டு பாடகர் பெஞ்சுக்கு வந்தது. மகனைத் திருப்பிக் கொடுத்ததற்கு மாதாவுக்கென்று எமரென்சியா காசை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கோவில் உபதேசியார் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார், தட்டை நிறுத்தி வைப்பது மரியாதையில்லை, அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை, தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். காலையில் பயத்தில் இறுக்கிப் போட்ட முடிச்சு. ஒரு கையால் வரவில்லை, இரண்டு கையாலும் அவிழ்த்தாள், நகத்தால் நெம்பினாள், கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தாள். தட்டில் போட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது, பாட்டு நிற்கவில்லை, கம்பிமேல் விழுகிற தட்டும் நிற்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பிந்தும் என்று அவளுக்குத் தெரியும். வெறுமையான இரண்டு கையையும் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, பீடத்தைப் பார்த்தபடி, மற்ற எல்லாரையும்போலப் பாட ஆரம்பித்தாள்.